கயித்து மேல நடக்கறவங்க கையில எதுக்குங்க அவ்ளோ நீள கம்பு?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நேத்து சந்தைல கழைக்கூத்துங்க. ரெண்டு பக்கமும் மூங்கில பெருக்கல் குறி மாதிரி கட்டி நடுவுல கயிறு, ஒரு சின்னப்பொண்ணு தலைல சொம்ப அடுக்கிட்டு நடந்துச்சு, அப்புறம் சைக்கிள் ரிம்முல கால வச்சு உருட்டிட்டே போச்சு, கீழ அவங்கப்பா மேளம். அந்தக் கம்ப வேற எதுக்கு சொமக்கணும்? இன்னொண்ணு, சர்க்கஸ்காரங்கன்னாலே கேரளாவுல இருக்கற தலச்சேரிதான்னு மாமா சொல்றாரே, நெசமா?

வேலந்தாவளம்:
கம்பு பாரம் இல்லீங்க, அதான் காப்பாத்துது. வெயிட்டு ரெண்டு முனைக்கும் தள்ளி இருக்கறதால ஆளு சட்டுனு சாயமாட்டாங்க, சாயறதே மெதுவாத்தான் இருக்கும், அதுக்குள்ள சரி பண்ணிக்கலாம். இடது பக்கம் சாஞ்சா கம்போட இடது முனைய இன்னும் கீழ அழுத்துவாங்க, ஒடம்பு தானா வலது பக்கம் வரும். அடுத்த தடவ காலப் பாக்காதீங்க, கையப் பாருங்க.

மலபார் மச்சான்:
மாமா சொன்னது முக்காவாசி சரி. 1880ல பம்பாய்ல நம்ம நாட்டோட மொத சர்க்கஸ் ஆரம்பிச்சது சத்ரேன்னு ஒரு மராட்டிக்காரர். ஆனா ஆளுங்கள தயார் பண்ணுனது தலச்சேரி கீலேரி குஞ்ஞிக்கண்ணன், களரியும் ஜிம்னாஸ்டிக்ஸும் சொல்லிக்குடுத்த வாத்தியார், 1901ல சிறக்கரைல சர்க்கஸ் பள்ளிக்கூடமே வச்சாரு. அவருகிட்ட படிச்ச கண்ணன் பொம்பாயோ கயித்து மேலயே குட்டிக்கரணம் அடிச்சு வெளிநாட்லயும் பேர் வாங்குனாரு. ஜெமினி சர்க்கஸ் நடத்துன சங்கரனும் அந்தப் பக்கத்து ஆள்தான்.

தமிழ் டீச்சர் சித்தூர்:
சர்க்கஸ் நேத்து வந்தது தம்பி, கயித்தாட்டம் குறுந்தொகைலயே இருக்கு. ஏழாவது பாட்டு, 'ஆரியர் கயிறாடு பறையின்'. காத்துல வாகை மரத்து நெத்து, அதாவது காஞ்ச காய், கலகலன்னு சத்தம் போடறதுக்கு கயித்தாட்டக்காரங்க பறைய உவமை சொல்றாங்க. சந்தைல கேட்ட மேளம் அப்பவே இருக்கு பாருங்க. அது சரி, அந்தப் பொண்ணு ஸ்கூலுக்குப் போகுதா? சர்க்கஸ்ல கொழந்தைங்கள சேக்கக்கூடாதுன்னு 2011லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, தெருவுல யார் கேக்கறா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஸ்கூல் கேக்கலீங்க டீச்சர், பத்து ரூவா போட்டுட்டு வந்துட்டேன். மச்சான், பார் வெளையாட்டுல கீழ வலை கட்டறாங்களே, விழுந்தா அடி படாதா?

மலபார் மச்சான்:
படும். அதனால பார்ல தொங்கறதுக்கு முன்னாடி விழத்தான் கத்துக்குடுப்பாங்க. முதுகு படறாப்ல விழணும், கைய கால நீட்டிட்டு விழுந்தா வலை கயித்துல மாட்டி ஒடஞ்சுரும். ஷோ முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா வலைல குதிக்கறாங்கல்ல, அப்ப கவனிங்க, எல்லாரும் மல்லாக்கத்தான் விழுவாங்க.