ஜெரால்ட் டரல் நூல்களில் சந்தித்த உயிர்கள்: வாசகர்களின் பகிர்வு

விலங்குகளைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதிய பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜெரால்ட் டரலை வாசித்தவர்களிடம், எந்த உயிர் நினைவில் நிற்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் வருவது தேள் காட்சிதான். 1956-இல் வெளியான ‘மை ஃபேமிலி அண்ட் அதர் அனிமல்ஸ்’ நூலில் இருக்கிறது. கிரேக்க நாட்டின் கோர்ஃபு தீவில் தோட்டச் சுவரின் இடுக்குகளைத் துழாவும் சிறுவன் ஜெரி (டரலேதான்) ஒரு தாய்த் தேளைக் காண்கிறான். அதன் முதுகு முழுக்கக் குஞ்சுகள். குடும்பத்தையே ஒரு தீப்பெட்டியில் அடைத்து வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறான். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிடுகிறார்கள், தீப்பெட்டி அவன் நினைவிலிருந்து போய்விடுகிறது. சாப்பிட்டு முடித்த அண்ணன் லாரி சிகரெட் பற்றவைக்க அந்தப் பெட்டியை எடுத்துத் திறக்கிறார். தேள் அவர் கையில் ஏறுகிறது. அவர் உதறுகிறார். குஞ்சுகள் மேசையெங்கும் சிதறுகின்றன. அக்கா மார்கோ தேள்மேல் வீசிய தண்ணீர் அம்மாவை நனைக்கிறது. நாய் ரோஜர், வீட்டு வேலைக்காரம்மாவின் கணுக்காலைக் கடித்துவைக்கிறது.

சிரித்து முடித்தபின் இந்தப் பக்கத்தை மெதுவாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தேள் முட்டையிடுவதில்லை, குட்டி போடும். பிறந்த குஞ்சுகள் முதல் தோலுரிப்பு வரை தாயின் முதுகைவிட்டு இறங்காது. பெட்டி திறந்ததும் தாய் வெளியேற வழி தேடுகிறது, எதிரே இருப்பது ஒரு கை, அதன்மேல் ஏறுகிறது. உதறினால் குஞ்சுகள் சிதறத்தான் செய்யும். அந்தத் தேள் தன் இயல்பை மீறி ஒன்றையும் செய்யவில்லை. கூச்சல், குழப்பம், மிகை எல்லாம் மனிதர்கள் பக்கம் மட்டுமே. டரலின் நகைச்சுவை முழுவதும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது: விலங்கைத் துல்லியமாக எழுதுவார், மனிதர்களைத் தாராளமாகப் பெருக்குவார்.

இது தெரியாமல் அந்த நூலைக் குடும்ப வரலாறாக எடுத்துக்கொண்டால் சிக்கல் வரும். டரல் குடும்பம் கோர்ஃபுவில் இருந்தது 1935 முதல் 1939 வரை. நூலில் லாரி தனியாள். அம்மா, தம்பி தங்கையோடு ஒரே வீட்டில் இருக்கிறார். உண்மையில் எழுத்தாளர் லாரன்ஸ் டரல் அப்போது மணமானவர். மனைவி நான்சியோடு பெரும்பாலும் தனி வீட்டில் இருந்தார். கலாமி கிராமத்துக் கடலோர வீடு பலருக்கும் தெரிந்ததுதான். நான்சி நூலில் எங்குமே இல்லை. குடும்பம் முழுவதும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தால்தானே தேள் காட்சி வேலை செய்யும்?

வாசிக்கும் வரிசையிலும் பலர் தடுமாறுகிறார்கள். இதன் தொடர்ச்சியாகச் சொல்லப்படும் ‘பேர்ட்ஸ், பீஸ்ட்ஸ் அண்ட் ரிலேட்டிவ்ஸ்’ (1969), ‘தி கார்டன் ஆஃப் தி காட்ஸ்’ (1978) இரண்டும் அதற்குப் பிந்திய காலத்தைச் சொல்பவை அல்ல. அதே கோர்ஃபு ஆண்டுகளுக்குத்தான் திரும்பிப் போகின்றன. பிறகு அந்தச் சிறுவன் என்ன ஆனான் என்று அறிய வேண்டுமானால், 1945-இல் விப்ஸ்னேட் விலங்குக்காட்சியகத்தில் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்ததைச் சொல்லும் ‘பீஸ்ட்ஸ் இன் மை பெல்ஃப்ரி’, அதன்பின் முதல் கேமரூன் பயணத்தைச் சொல்லும் ‘தி ஓவர்லோடட் ஆர்க்’ என்று போக வேண்டும். கோர்ஃபு நூல்களைத் தழுவி 2016 முதல் 2019 வரை வந்த தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு நூலை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொடரின் மையம் அம்மா. நூலின் மையம் சுவரிடுக்கு.

* * *

கோர்ஃபு நூல்களைப் பற்றிப் பேசும்போது தியோடரை விட்டுவிடக் கூடாது. மருத்துவர், கவிஞர், நன்னீர் உயிரிகளை ஆராய்ந்தவர் தியோடர் ஸ்டெஃபனிடீஸ். பொறிக்கதவுச் சிலந்தியின் கூட்டைப் பார்த்துக் குழம்பிய சிறுவனோடு கூடவே நடந்துபோய், மண்ணில் பதிந்த பட்டுக் கதவைத் திறந்து காட்டுகிறார். பிறகு ஒரு கடிதத்தோடு சட்டைப்பை நுண்ணோக்கி ஒன்றை அனுப்பிவைக்கிறார். பத்து வயதுப் பையனிடம் தனக்குச் சமமான ஓர் ஆய்வாளரிடம் பேசுவதுபோலப் பேசுகிறார். டரல் பின்னாளில் ஆன எல்லாவற்றுக்கும் விதை இந்த மரியாதைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தியோடரின் கருவிகளையும் நூல் விரிவாகச் சொல்கிறது. அடிமுனையில் சிறு கண்ணாடிப் புட்டி கட்டிய வலை அவரிடம் உண்டு. குளத்து நீரில் அதை மெதுவாக இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வலைத்துணியில் வடிந்து புட்டியில் சேரும். செய்முறையோடு கற்க விரும்புபவர்களுக்கு டரலும் இரண்டாம் மனைவி லீயும் சேர்ந்து எழுதிய ‘தி அமெச்சூர் நேச்சுரலிஸ்ட்’ (1982) இருக்கிறது.

* * *

பயண நூல்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இருபத்தொரு வயதில் கைக்கு வந்த குடும்பச் சொத்தைக் கொண்டு, பறவையியலர் ஜான் யீலண்டுடன் 1947-இல் கேமரூன் போனார் டரல். 1949-இல் மீண்டும் அங்கே, 1950-இல் பிரிட்டிஷ் கயானா, அடுத்து அர்ஜென்டினாவும் பராகுவேயும். விலங்குகளைப் பிடித்து விலங்குக்காட்சியகங்களுக்குக் கொடுப்பது அப்போது அவர் தொழில். பிடிப்பதை ஒரு பத்தியில் முடித்துவிட்டு, பிடித்தபின் உயிரோடு காப்பதைப் பக்கம் பக்கமாக எழுதுவார். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள். அவருடைய உண்மையான திறமை அங்கேதான் இருக்கிறது.

பெரிய எறும்புண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டில் அதற்கு உணவு எறும்பும் கரையானும். இங்கிலாந்தில் தினமும் அவ்வளவு கரையானுக்கு எங்கே போவது? ஆகவே கப்பல் ஏறுவதற்கு முன்பே அது வேறு உணவுக்குப் பழகியாக வேண்டும். பாலில் பச்சை முட்டையை அடித்து, பொடியாக அரைத்த மாட்டிறைச்சியைக் கலந்து, மேலே கரையானைத் தூவி வைப்பார்கள். நீண்ட நாக்கு கரையானைத் தேடி உள்ளே போகும், கலவையின் சுவையும் கூடவே ஒட்டிவரும். பழகப் பழகக் கரையானைக் குறைக்கலாம். அவசரப்பட்டு ஒரேயடியாக நிறுத்தினால் விலங்கு உணவையே மறுத்துவிடும்.

பராகுவேயில் கிடைத்த சாரா என்ற எறும்புண்ணிக் குட்டியின் பிரச்சினை வேறு. எறும்புண்ணிக் குட்டி தாயின் முதுகைப் பற்றிக்கொண்டே வளரும். பாலை மட்டும் புட்டியில் கொடுத்துவிட்டால் போதாது, பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். வைக்கோல் அடைத்த ஒரு சாக்கைக் கொடுத்தார்கள். அதைக் கட்டிப்பிடித்தபடி தூங்கியது. படிக்கும்போது நெஞ்சு இளகுகிறது. ஆனால் டரல் அங்கே உருகி எழுதவில்லை. எது தேவை, ஏன் தேவை, எதைக் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்கிறார். பராகுவேயில் கிளர்ச்சி வெடித்துச் சிறு விமானத்தில் வெளியேற வேண்டி வந்தபோது, சேர்த்த விலங்குகளில் பெரும்பாலானவற்றைத் திறந்துவிட நேர்ந்தது. சில போக மறுத்து, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தன. ‘தி ட்ரங்கன் ஃபாரஸ்ட்’ நூலின் இறுதிப் பகுதி இது.

கேமரூனின் மயிர்த் தவளையையும் சொல்ல வேண்டும். ஆணின் விலாவிலும் தொடையிலும் மயிர்போலத் தொங்குவது மயிரல்ல, இரத்தக்குழாய்கள் நிறைந்த தோல் இழைகள். இனப்பெருக்கக் காலத்தில் நீருக்குள் கிடந்து முட்டைகளைக் காக்கும்போது கூடுதல் ஆக்சிஜன் பெற அவை உதவுகின்றன. பிடிப்பவர் கவனிக்க வேண்டியது பின்னங்காலை. பிடிபட்டால் அதன் எலும்பு முனை விரல்தோலைக் கிழித்துக்கொண்டு நகம்போல வெளியே வரும். டரலின் முதல் வானொலிப் பேச்சு இந்தத் தவளையைப் பற்றியதுதான். கையில் காசில்லாத நேரத்தில் முதல் மனைவி ஜாக்கியும் அண்ணன் லாரன்ஸும் எழுதச் சொல்லித் தூண்டினார்கள். அந்தப் பேச்சிலிருந்து பிறந்த எழுத்து வாழ்க்கை 1953-இல் ‘தி ஓவர்லோடட் ஆர்க்’ ஆக அச்சேறியது.

கேமரூன் நூல்களில் ஒரு எச்சரிக்கை. அது பிரிட்டிஷ் ஆட்சிக்காலம். ஊர்மக்களை எழுதும் விதத்தில் காலனிய மனப்பாங்கு தெரியும், சில இடங்களில் உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும். கூடவே இன்னொன்றையும் பார்க்கலாம். பாஃபுட் பகுதியின் அரசரை டரல் உண்மையான நட்போடு எழுதுகிறார். விலங்குகள் எங்கே இருக்கும், எந்த மரப்பொந்தில் புகைபோட வேண்டும், வலையை எங்கே கட்ட வேண்டும் என்று அறிந்தவர்கள் அந்த ஊர் வேட்டைக்காரர்களே என்பதையும் மறைக்கவில்லை.

* * *

நாவல்களை யாரும் தொடவில்லையே. ‘ரோஸி இஸ் மை ரிலேட்டிவ்’ (1968) கதையில் லண்டன் கடை எழுத்தர் ஏட்ரியனுக்கு மாமா விட்டுச்சென்ற சொத்தாக ஒரு யானை வந்து சேர்கிறது. யானைக்கு மது பிடிக்கும். அவ்வளவுதான் கதை. ரோஸி யாருக்கும் தீங்கு நினைப்பதில்லை. தாகமும் எடையும் சேர்ந்து செய்யும் வேலைதான் ஊரை நாசமாக்குகிறது. லேசான நாவல், வேகமாக முடிந்துவிடும்.

‘தி மாக்கரி பேர்ட்’ (1981) அப்படியல்ல. சென்காலி என்ற கற்பனைத் தீவில் விமானத்தளமும் அணையும் கட்டப் போகிறார்கள். மூழ்கவிருக்கும் பள்ளத்தாக்கில், அழிந்துபோனதாக நம்பப்பட்ட பறவையும் ஓம்பு மரமும் உயிரோடு இருப்பது தெரியவருகிறது. தீவின் பொருளாதாரத்தைத் தாங்கும் பயிர் அவற்றோடு பின்னப்பட்டிருப்பது மெல்ல வெளிப்படுகிறது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அரசாங்கமே கவிழும். சூழலியலை இத்தனை சிரிப்போடு சொன்ன நாவல் அபூர்வம்.

இதன் பின்னணியில் ஓர் ஆய்வின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. மொரீஷியஸில் தம்பலாகோக் என்ற மரத்தின் விதை முளைக்க, அது அழிந்துபோன டோடோ பறவையின் வயிற்றைக் கடந்தாக வேண்டும் என்று ஆய்வாளர் ஸ்டான்லி டெம்பிள் 1977-இல் எழுதினார். வான்கோழிகளுக்கு 17 விதைகளை ஊட்டியதில் 10 நொறுங்காமல் மீண்டன, 3 முளைத்தன. ஆனால் பறவைக்கு ஊட்டாத விதைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பறவை உதவியின்றியும் அந்த விதை முளைக்கும் என்று பிறகு மற்றவர்கள் காட்டினார்கள். ஆகவே நாவலை வைத்துக்கொண்டு டோடோ கதையை அறிவியல் உண்மையாக மேற்கோள் காட்ட வேண்டாம். உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன என்ற அடிப்படை மட்டும் அசையாமல் நிற்கிறது.

* * *

மொரீஷியஸ் பேச்சு வந்ததால் ‘கோல்டன் பேட்ஸ் அண்ட் பிங்க் பிஜன்ஸ்’ (1977) பற்றியும் எழுதிவிடலாம். ரோட்ரிகஸ் தீவின் பழந்தின்னி வௌவால்களைப் பிடிக்க டரல் குழு எடுத்துப்போன இரைகளில் ஒன்று பலாப்பழம். பழுத்த பலாவோடு மூடிய இடத்தில் இருந்தவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வாசனை போகுமிடமெல்லாம் கூடவே வருகிறது. வௌவாலுக்கு அது எட்ட வேண்டும் என்பதற்காகவே எடுத்துப்போனது என்பதால் அவர்களால் குறை சொல்லவும் முடியவில்லை.

இந்தக் கட்டத்தில் அவர் பிடிப்பது விற்பதற்காக இல்லை. பிறருக்காக விலங்குகளைப் பிடித்துக் கொடுப்பதில் மனம் ஒவ்வாமல், ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவில் ஓக்ரே மாளிகை வளாகத்தில் 1959 மார்ச் 26 அன்று சொந்த விலங்குக்காட்சியகத்தைத் திறந்துவிட்டார். 1963-இல் அது அறக்கட்டளை ஆனது, சின்னம் டோடோ. அருகிவிட்ட இனத்தைப் பாதுகாப்பில் பெருக்கி, சொந்த மண்ணுக்குத் திருப்பி அனுப்புவது நோக்கம். எழுத்து வருமானம் அதற்குத் துணை நின்றது. அலுப்பு தட்டினாலும் அடுத்த நூலை எழுதியே ஆக வேண்டிய நிலை அவருக்கு இருந்தது.

விளைவைப் பாருங்கள். 1974-இல் மொரீஷியஸ் வல்லூறு காட்டில் 4 மட்டுமே இருந்ததாக அறியப்பட்டது. 1979-இல் அங்கே போன உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸ், முதல் ஈட்டு (ஒரே தடவையில் இட்ட) முட்டைகளைக் கூட்டிலிருந்து எடுத்து அடைகாப்புக் கருவியில் வைத்தார். முட்டைகளை இழந்த தாய் மறுபடி முட்டையிடும், ஆகவே ஒரே பருவத்தில் இரண்டு ஈடு கிடைக்கும். முட்டையை எடுப்பது தாமதமானால் தாய் மறுபடி இடாது, காலம் தவறாமல் எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இளஞ்சிவப்புப் புறா தன் குஞ்சைச் சரியாக வளர்க்காதபோது, வளர்ப்புப் புறாக்களின் அடியில் வைத்து வளர்த்தார்கள். 1990 வாக்கில் காட்டில் பத்துப் பறவைகள் அளவுக்குக் குறைந்துபோன அந்த இனம் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறது.

டரல் பிறந்தது ஜாம்ஷெட்பூரில், 1925 ஜனவரி 7 அன்று. 1995 ஜனவரி 30 அன்று இறந்தார். அதற்கடுத்த ஆண்டு அசாமின் மானஸ் காட்டில், உலகின் மிகச் சிறிய பன்றி இனமான குள்ளப் பன்றியில் 6 பிடிக்கப்பட்டு, ஜெர்சி அறக்கட்டளையின் துணையோடு குவாஹாட்டி அருகே இனப்பெருக்கம் தொடங்கியது. அங்கே வளர்ந்தவற்றை உயரமான புல்வெளி மிஞ்சியிருக்கும் அசாம் காப்பகங்களில் விடுகிறார்கள். புல்லைத் தவறான பருவத்தில் எரித்தால் கூடு கட்ட இடமில்லாமல் போகும் என்பதால், பன்றியை வளர்ப்பதைவிடப் புல்வெளியைக் காப்பதுதான் அங்கே கடினமான வேலை.