திகில் பாட்டு, நியூ வேவ் தாளம்: ரீவெர்பில் குரல் மூழ்குகிறது

இரவுச்சுருதி:
திகில் கருவில் 8 பாட்டு, ஒரே ஆல்பமாக. 140 பிபிஎம் (நிமிடத்துக்கு 140 பீட்), இறுக்கமான டிரம்ஸ், மேலே சைக்கடெலிக் பேட் (நீண்டு ஒலிக்கும் சின்த் ஒலி). சின்த் சேர்ந்ததும் பாட்டு போய்ப் பின்னணி இசைபோல் ஆகிவிடுகிறது. பயம் வரட்டும் என்று குரலுக்கு ரீவெர்ப் (அறையில் எதிரொலிப்பதுபோல் நீளும் ஒலி) கூட்டினால் சொல் கேட்பதில்லை. எங்கே திருத்தலாம்?

அரைச்சுரம்:
பயத்தை முதலில் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) தேடுங்கள். ஏ மைனரிலிருந்து எஃப் மைனருக்குப் போய்ப் பாருங்கள். சி அசையாமல் நிற்கும், ஏ அரைச்சுரம் இறங்கும், இ அரைச்சுரம் ஏறும். எந்த ஸ்கேலில் இருக்கிறோம் என்பது காதுக்குப் பிடிபடாது. மெலடியை அந்த சி-யிலேயே நிறுத்திப் பாடினால் இன்னும் நல்லது. ட்ரைடோனை (ஏ-க்குக் கீழே பேஸில் இ ஃபிளாட்) நான்காவது பாரின் கடைசி பீட்டில் மட்டும் தொட்டுவிட்டு நகருங்கள். நீட்டி வாசித்தால் காது பழகிவிடும், பயம் போய்விடும்.

பின்னணி இசைபோல் ஆவதற்குக் காரணம் நீளும் பேட்தான். சரணத்தில் அதை எடுத்துவிடுங்கள். பேஸ் பிக்கில் எட்டாம் நோட்டுகளாக ஓடட்டும், சின்த் ஒரு பார் ரிஃப் மட்டும் வாசிக்கட்டும். பேட் கோரஸில் வந்தால் போதும். ஹூக் (மனதில் ஒட்டும் மெட்டுத்துண்டு) ஐந்து சுரத்துக்குள் இருக்கட்டும், யாரும் முணுமுணுக்கும்படி.

எதிரொலி:
ரீவெர்பைக் குரல் ட்ராக்கிலேயே போடாமல் தனி பஸ்ஸுக்கு (ஒலிகளைச் சேர்த்து அனுப்பும் மிக்சர் தடத்துக்கு) அனுப்புங்கள். 140 பிபிஎம்மில் ஒரு பீட் 429 மில்லிசெகண்ட், பதினாறாம் நோட்டு 107. ப்ரீ-டிலேயை (ரீவெர்ப் தொடங்கும் முன் வரும் தாமதத்தை) அந்த 107-இல் வையுங்கள், மெய்யெழுத்துகள் ரீவெர்புக்கு முன்னே தெளிவாக வந்துவிடும். பஸ்ஸில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். பிறகு ஒரு கம்ப்ரஸர் (ஒலியளவை அமுக்கும் கருவி). அதன் சைட்செயினுக்கு (எப்போது அமுக்க வேண்டும் என்று சொல்லும் உள்ளீட்டுக்கு) ரீவெர்ப் இல்லாத காய்ந்த குரல். 4 முதல் 6 டெசிபல் அமுக்கினால், பாடும்போது ரீவெர்ப் ஒதுங்கி, வரி முடிந்ததும் எழும்பும். அந்த இடைவெளியில் வரும் திகிலுக்கு ஈடே இல்லை.

தலைகீழ் ரீவெர்ப் வேண்டுமானால்: வரியின் முதல் சொல்லைத் திருப்பி, 3 விநாடி ரீவெர்பை 100 சதவீதம் ஈரமாக (அசல் ஒலி கலக்காமல் ரீவெர்ப் மட்டும்) ரெண்டர் செய்து, மீண்டும் திருப்புங்கள். துளி காய்ந்த ஒலி தங்கினாலும் சொல் இரட்டிக்கும். எழுச்சியின் உச்சம் சொல் தொடங்கும் இடத்தில் முடிய வேண்டும். திரையிலுள்ள கிரிட்டை (தாளக் கோடுகளை) நம்பாமல் காதால் நகர்த்துங்கள்.

டபிளிங்குக்கு (ஒரே குரல் இருமுறை பாடியதுபோல் ஒலிக்க) அபி ரோட் ஸ்டூடியோவில் பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966-இல் டேப்பில் செய்த வழியே போதும்: நகலை 25 முதல் 35 மில்லிசெகண்ட் தாமதித்து, அந்தத் தாமதத்தை மெல்ல அலைய விடுங்கள். 10-க்குக் கீழே போனால் மோனோவில் குரல் மெலிந்துவிடும்.

இரவுச்சுருதி:
நன்றி. சின்த்துக்கு டேப் போன்ற தள்ளாட்டம்?

அரைச்சுரம்:
எல்லா சின்த்தையும் ஒரே பஸ்ஸில் சேர்த்து, 0.5 ஹெர்ட்ஸில் சுருதியைப் பத்து சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) மேலும் கீழும் அசையுங்கள். ட்ராக் ட்ராக்காகப் போட்டால் கார்டே சுருதி விலகும். பேஸையும் குரலையும் அதில் சேர்க்காதீர்கள். ஏதாவது ஒன்று நேராக நின்றால்தான் மற்றது தள்ளாடுவது தெரியும்.