'மேல் டிவிஷன் குடும்பம்' குழுவில் ஞாயிற்றுக்கிழமை

காலை 6.52

செல்வி: எல்லாருக்கும் சொல்றேன். தர்ஷினி வீட்டுக்கு வந்துட்டா. ராத்திரி 2 மணிக்குத்தான் ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி விட்டாங்க. இப்ப தூங்குறா

சுதா: நான்தான் திரிவீல்ல கூட்டிட்டு வந்தேன். அக்கா இன்னும் நடுங்கிக்கிட்டு இருக்கு

ரமேஷ்: அம்மா போன் ஏன் எடுக்கல? பக்கத்து காம்பரா அண்ணன் எனக்கு கோல் எடுத்து, தங்கச்சிக்கு பேய் புடிச்சிருச்சுனு சொல்றாரு. கொழும்புல இருந்துகிட்டு நான் என்னாத்த செய்றது

செல்வி: எடுக்குற நிலமையிலயா இருந்தேன்

செல்வி: சனிக்கிழம காலையில இருந்து வாந்தி. கடையில வாங்குன கொத்து ரொட்டினு நினைக்கிறேன். பெரியக்கா வீட்டுல வாந்தி மாத்திர இருந்துச்சு, கேட்டு வாங்கி ஒண்ணு குடுத்தேன். நிக்கல. மத்தியானம் ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு. ராத்திரி ஏழு மணி இருக்கும், கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு திரும்பவே மாட்டேங்குது. கண்ணு ரெண்டும் மேல கூரையப் பாத்து நின்னுருச்சு. வாய தொறக்க முடியல. நாக்கு மட்டும் வெளிய தள்ளுது

செல்வி: பெத்த வயிறு என்னா பாடு படும்

கௌரி: சித்தி இப்பதான் நைட் டியூட்டி முடிஞ்சு வர்றேன். மாத்திர பேரு என்னா? அட்டைய படம் எடுத்து போடுங்க

சுதா: 📷 படம்

கௌரி: மெட்டோக்ளோபிரமைட் 10 மில்லிகிராம். நெனச்சேன்

கௌரி: இது பேயும் இல்ல, வலிப்பும் இல்ல. மாத்திரையோட வேல. எங்க வார்ட்டுக்கும் இப்படி வந்திருக்கு, அதுவும் இந்த வயசு புள்ளைங்கதான். 20 வயசுக்கு கீழ இருக்கவங்களுக்கு, அதுலயும் பொம்பள புள்ளைங்களுக்கு, கூடுதலா வரும். போட்டு ஒரு நாள், ரெண்டு நாளுக்குள்ளயே வந்துரும்

ரமேஷ்: மூணு போட்டதாலயா?

கௌரி: அளவு கூடுனா வாய்ப்பு கூடும். பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம்தான் உச்சம், இவ அத அரை நாளுக்குள்ள போட்டுட்டா. ஆனா ஒரே ஒரு மாத்திரையில வந்தவங்களும் இருக்காங்க

கௌரி: மூளையில டோபமின்னு ஒண்ணு இருக்கு. வாந்திய கெளப்பி விடுறதுலயும் அதுக்கு பங்கு இருக்கு, கை கால் கழுத்து சீரா அசையிறதுலயும் பங்கு இருக்கு. மாத்திர முதலாவத அடைக்கப்போயி சில பேருக்கு ரெண்டாவதையும் அடைச்சிருது. அதான் கழுத்து இழுக்குது

சுதா: ஆஸ்பத்திரியில ஒரே ஒரு ஊசிதான் போட்டாங்க. நான் வெளிய ஒரு சாயத்தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள கழுத்து நேரா வந்துருச்சு

கௌரி: ஆமா மாமா, அதுக்கு மாத்து ஊசி இருக்கு. ஆனா மருந்து ஒடம்புல இருக்கவரைக்கும் திரும்பவும் வரலாம். குடுத்தனுப்புன குளிசைய விடாம போடச் சொல்லுங்க

ரமேஷ்: ஏழு மணிக்கு ஆரம்பிச்சது, ஆஸ்பத்திரிக்கு போனது எத்தன மணிக்கு?

சுதா: பத்தே கால்

ரமேஷ்: மூணு மணி நேரம் என்னா செஞ்சீங்க???

செல்வி: கோயிலுக்கு தூக்கிட்டு போனாங்க. துண்ணூறு போட்டு வேப்பிலை அடிச்சாங்க. நான் வேணாம்னு சொல்லல. எனக்கு ஒண்ணும் ஓடல

கௌரி: விடுங்க ரமேஷ். பாக்காதவங்களுக்கு அப்படித்தான் தோணும். அடுத்து யாருக்காவது வந்தா 1990-க்கு அடிங்க, ஆம்புலன்ஸ் சும்மாதான், காசு இல்ல. மாத்திர அட்டைய கையோட எடுத்துட்டு போங்க. வலிப்புனா பெரும்பாலும் நெனவு இருக்காது. இதுல நெனவு இருக்கும், பேச மட்டும்தான் முடியாது

காலை 9.30

தர்ஷினி: ஆமா நெனவு இருந்துச்சு

தர்ஷினி: எல்லாம் கேட்டுச்சு. மூணாவது காம்பரா ஆச்சி, இவ டியூசன் போற வழியில புளியமரத்துல என்னமோ ஏறிக்கிச்சுனு சொன்னதும் கேட்டுச்சு 😑

சுதா: 😂😂 நம்ம தோட்டத்துல புளியமரமே இல்லையே

தர்ஷினி: அத சொல்லத்தான் மாமா வாய தொறக்க பாத்தேன், முடியல

ரமேஷ்: தங்கச்சி ஜீவனி (ORS) கரைச்சு குடிக்கிறியா?

தர்ஷினி: மொடக்கு மொடக்கா. இப்ப வாந்தி இல்ல

கௌரி: அதுதான் முதல்ல செய்ய வேண்டியது சித்தி. ஜீவனிய பாக்கெட்டுல சொல்ற அளவு தண்ணியில கரைச்சு, ஸ்பூன் ஸ்பூனா. சாப்பாட்டுக் கோளாறு பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல தானா நிக்கும். ரத்தம் வந்தாலோ, வயிறு கல்லு மாதிரி ஆனாலோ, ஒண்ணுக்கே போகலனாலோ வீட்டுல வச்சிருக்கக் கூடாது. வயித்துல அடைப்பு இருந்து இந்த மாத்திரைய போட்டா இன்னும் மோசம்

சுதா: கௌரி ஒரு சந்தேகம். நுவரெலியா பஸ்ல போறப்ப ஒங்க மாமி இதத்தான் ஒண்ணு போட்டுக்குவா. அப்படியும் ரம்பொட வளைவுல கவர் கேக்குறா

கௌரி: கேக்கத்தான் செய்வாங்க. பஸ் வாந்தி காதுக்குள்ள இருந்து வர்றது. இந்த மாத்திர அதுக்கு கேக்காது. அதுக்கு வேற குளிசை, டொக்டர்ட்ட கேளுங்க. அது தூக்கம் வரும், நீங்க மட்டும் போட்டுட்டு ஹேண்டில புடிச்சிராதீங்க

ரமேஷ்: நான் வாந்திக்கு டொம்பெரிடோன் போடுவேன். அது?

கௌரி: அது மூளைக்குள்ள கூடுதலா போறதில்ல, கழுத்து இழுக்குறது ரொம்ப அரிது. ஆனா அதுக்கு இருதயத் துடிப்பு கணக்கு இருக்கு. இருதய நோய் உள்ளவங்களுக்கு ஆகாது. எரித்ரோமைசின் மாதிரி சில மருந்தோட சேரவும் கூடாது. பெரியவங்களுக்கு 10 மில்லிகிராம் மூணு நேரம், அதுவும் ஒரு கிழமைக்கு மேல இல்ல. ஆளுக்கு ஆள் மாறும்னுதான் துண்டு எழுதித் தர்றாங்க

காலை 10.05

பாக்கியம் பெரியம்மா: 🎤 குரல் பதிவு 0:48

ரமேஷ்: கடையில இருக்கேன், கேக்க முடியல. யாராவது எழுதுங்க

தர்ஷினி: "என் மாத்திரையாலதான் புள்ளைக்கு இப்படி ஆச்சுனு மனசு கெடந்து அடிச்சுக்குது. நான் எட்டு மாசமா போடுறேன், ஒண்ணும் செய்யல, அதான் நம்பி குடுத்தேன்"னு சொல்றாங்க

கௌரி: எட்டு மாசமா?

கௌரி: பெரியம்மா, யாரு எட்டு மாசத்துக்கு எழுதித் தந்தது?

பாக்கியம் பெரியம்மா: 🎤 குரல் பதிவு 0:22

தர்ஷினி: சுகர்ல வயிறு மந்தமா இருக்குனு அஞ்சு நாளைக்குத்தான் எழுதுனாங்களாம். நல்லா கேட்டுச்சுனு அதே துண்ட காட்டி பாமசியில வாங்கிக்கிட்டே இருந்தாங்களாம்

செல்வி: கௌரி ஏன் ஒண்ணும் பேசாம இருக்க

கௌரி: சித்தி, போன மாசம் சடங்கு வீட்டுல எடுத்த வீடியோவ இப்பதான் பாத்தேன். பெரியம்மா வாயப் பாருங்க

சுதா: மென்னுக்கிட்டு இருக்கு. வெத்தல

செல்வி: அக்கா வெத்தலய விட்டு ரெண்டு வருஷம் ஆகுதுடா

தர்ஷினி: 😳

கௌரி: பயப்படுத்த சொல்லல. பல்செட் சரியில்லாமயும் அப்படி இருக்கலாம். ஆனா இத மூணு மாசத்துக்கு மேல போட்டா ஒதடும் நாக்கும் தானா அசையிற ஒரு கோளாறு வரலாம். வயசான பொம்பளைங்களுக்கும் சுகர் உள்ளவங்களுக்கும் கூடுதலா வரும். சில பேருக்கு மாத்திரைய விட்டாலும் போறதில்ல. அதனால சீக்கிரம் காட்டணும்

கௌரி: பெரியம்மா இன்னைக்கு அந்த ஒரு மாத்திரைய மட்டும் போடாதீங்க. சுகர் மாத்திர, பிரஷர் மாத்திர எதையும் நிப்பாட்டக் கூடாது. நாளைக்கு காலையில டொக்டர்ட்ட போவோம், நான் லீவு போடுறேன்

பாக்கியம் பெரியம்மா: 🎤 குரல் பதிவு 0:15

தர்ஷினி: "கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தேன். எனக்கே தெரியாம அசையுது. நாளைக்கு வேலைக்கு பேர் போட வேணாம்னு கங்காணிட்ட சொல்லு"னு மாமாவுக்கு சொல்றாங்க

சுதா: சொல்லிர்றேன். பெரியக்கா 6 மணிக்கு ரோட்டுக்கு வந்து நில்லுங்க, லயத்து வாசல் வரைக்கும் திரிவீல் ஏறாது, சேறு

கௌரி: கிளினிக் கொப்பி, பழைய துண்டு, வீட்டுல இருக்க எல்லா மாத்திர அட்டையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கங்க. தலகாணிக்கு கீழ இருக்கதும் சேத்து

பாக்கியம் பெரியம்மா: 🎤 குரல் பதிவு 0:04

தர்ஷினி: "தலகாணிக்கு கீழ இருக்குனு அவளுக்கு யாரு சொன்னது"