கோலாலம்பூர் செந்தூல்ல சின்னதா மிட்டாய் சாக்லேட் கடை போடப் போறேன், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

செந்தூல்காரி:
வணக்கம் எல்லாருக்கும். 9 வருஷமா ஆபீஸ்ல கிளார்க் வேல பாத்தேன், இந்த மார்ச்ல வேல நின்னுட்டேன். தீபாவளிக்கு முன்னாடி ஒரு சின்ன மிட்டாய் கடை தொறக்கணும், ரொம்ப நாள் ஆச. கடை கெடச்சிருச்சு, 10க்கு 18 அடி இருக்கும், கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல, வாடக 1,400 வெள்ளி (ரிங்கிட்). ஒரே பிரச்சின மத்தியானம் வெயில் நேரா கண்ணாடிக் கதவுல அடிக்குது.

தமிழ்நாட்டுல இருந்து வர்ற தேன் மிட்டாய், கடலை மிட்டாய், கமர்கட்டு, எள்ளுருண்ட எல்லாம் வைக்கணும், கூடவே நானே செய்ற சாக்லேட்டும். போன வாரம் வீட்டுல 2 கிலோ டார்க் சாக்லேட் வாங்கி உருக்கி அச்சுல ஊத்தி பாத்தேன், அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு நாள்ல மேல எல்லாம் வெள்ளையா பூத்துப் போச்சு. பூஞ்சையோன்னு பயந்து மொத்தத்தையும் கொட்டிட்டேன், மனசே கேக்கல. ராத்திரியும் ஏர்கோன் ஓடணுமா, இல்ல ஃபிரிட்ஜ்ல வச்சா போதுமா? என்னென்ன லைசன்ஸ் எடுக்கணும்? கையில 15,000 வெள்ளி இருக்கு, எதுக்கு எவ்வளவு ஒதுக்கறதுன்னே புரியல.

செராஸ்_சாக்லேட்:
சிஸ், அது பூஞ்ச இல்ல, கொட்டியிருக்க வேணாம். நான் வீட்டுல இருந்து கல்யாண டோர் கிஃப்ட்டுக்கு (வர்றவங்களுக்கு குடுக்கற சின்ன பரிசு) சாக்லேட் செஞ்சு குடுக்குறேன், 6 வருஷம் ஆச்சு. சாக்லேட்ல இருக்குற கோக்கோ பட்டர் சரியா இறுகலன்னா கொஞ்ச நாள்ல மேல வந்து வெள்ளையா படியும். வெரல வச்சு தேய்ச்சு பாருங்க, வெரல் சூட்டுல கரைஞ்சு மறைஞ்சா அது கொழுப்பு, மறுபடி உருக்கி டெம்பர் பண்ணா, அதாவது சரியான சூட்டுக்கு எறக்கி இறுக வச்சா, பழையபடி வந்துரும். தேய்ச்சும் போகாம சொரசொரன்னு இருந்தா அது சக்கர, ஈரம் பட்டு சக்கர கரைஞ்சு காஞ்சு நிக்குது, அத அழகா கொண்டு வர்றது கஷ்டம், வீட்டுல கேக்குல போட்டு தீத்துருங்க.

டெம்பர் பண்றதுக்கு மொதல்ல 30, 40 வெள்ளிக்கு ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்குங்க, அது இல்லாம தொடங்கவே வேணாம். டார்க் சாக்லேட்ட மூணு பங்கா பிரிச்சு ரெண்டு பங்க 45 டிகிரிக்கு உருக்கி, அடுப்புல இருந்து எறக்கி, மீதி ஒரு பங்க பொடிசா நறுக்கி கொஞ்சம் கொஞ்சமா போட்டு கிண்டிட்டே இருக்கணும். 31, 32க்கு எறங்குனதும் கத்தி நுனிய முக்கி எடுத்து ஏர்கோன் ரூம்ல வையுங்க. அஞ்சு நிமிஷத்துல பளபளன்னு இறுகி, வெரல் பட்டா ஒட்டாம இருந்துச்சுன்னா அப்பதான் அச்சுல ஊத்தணும். கோடு கோடா மங்கலா தெரிஞ்சா இன்னும் ஆகல, கிண்டுங்க. மில்க் சாக்லேட்டுக்கு 29, 30. பாத்திரத்துல ஒரு சொட்டு தண்ணி இருந்தாலும் மொத்தமும் கட்டி கட்டியா திரைஞ்சுரும், ஆவி கூட படக்கூடாது.

ஃபிரிட்ஜ் விஷயம் நான் பட்டு தெரிஞ்சுகிட்டது. ஒரு கல்யாணத்துக்கு 300 பெட்டி. கெட்டுப் போயிரக் கூடாதுன்னு மொத நாள் ராத்திரியே பெட்டியெல்லாம் ஃபிரிட்ஜ்ல அடுக்கிட்டேன். காலைல எடுத்து நேரா காடில ஏத்தி மண்டபத்துல கொண்டு போய் ரிப்பன் கட்டறதுக்கு தொறந்தா, கண்ணு முன்னாடியே ஒவ்வொரு சாக்லேட் மேலயும் பொடி பொடியா வேர்த்துச்சு. மத்தியானத்துக்குள்ள எல்லாம் திட்டுத் திட்டா வெள்ள. பொண்ணோட அம்மா ஒண்ணுமே சொல்லல, பெட்டிய மூடி வச்சுட்டாங்க, அந்த முகம் இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. பாதி காச திருப்பி குடுத்துட்டு வந்தேன். அதனால ஃபிரிட்ஜ்ல வச்சே ஆகணும்னா காத்து புகாத டப்பாவுல போட்டு வைங்க, எடுத்ததும் தொறக்காதீங்க, மூடுனபடியே ரெண்டு மூணு மணி நேரம் வெளிய கெடந்து ரூம் சூட்டுக்கு வந்த பொறவு தொறங்க. நான் இப்ப வைன் வைக்கிற சில்லர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டேன், 16 டிகிரில நிக்குது, சாதா ஃபிரிட்ஜ் மாதிரி ரொம்ப குளிராது. சாக்லேட்டுக்கு 15ல இருந்து 18 தான் சொகம்.

லிட்டில்_இந்தியா_பினாங்கு:
தங்கச்சி, நாங்க பினாங்குல அப்பா காலத்துல இருந்து மிட்டாய் கடைதான். செராஸ் சொன்னது எல்லாம் சரி, நான் வியாபாரம் பக்கம் சொல்றேன். கடை முழுக்க ராத்திரியும் ஏர்கோன் போட்டா கரண்டு பில் தாங்காது. கோக்கோ பட்டர் 34 டிகிரி கிட்ட உருகிரும், நம்ம ஊரு மத்தியானமே 32, 33. அதனால சாக்லேட்டுக்கு மட்டும் செராஸ் சொன்ன மாதிரி ஒரு சில்லர், கண்ணாடி வச்சது, கல்லாக்கு பின்னாடி. மிட்டாய்க்கு ஏர்கோன் தேவயில்ல, ஈரம்தான் எதிரி. வெல்லம் ஈரத்த இழுக்கும், கடலை மிட்டாய் பாக்கெட்ட பிரிச்சு தட்டுல வச்சா அன்னிக்கு சாயங்காலமே கையில ஒட்டும். ரப்பர் போட்ட மூடி உள்ள ஜாடில ஒரு நேரத்துக்கு ஒரு கிலோ மட்டும் கொட்டுங்க, மீதி சீல் பிரிக்காம இருக்கட்டும். ரேக் காலுக்கு கீழ கிண்ணத்துல தண்ணி வைங்க, எறும்பு ஏறாது, ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணிய மாத்திருங்க, கொசு வந்துரும்.

15,000ல சரக்குக்கு 5,000க்கு மேல போகாதீங்க. மொத வருஷம் ஒரு மொத்த வியாபாரி சல்லிசா தர்றேன்னான், 40 பெட்டி எடுத்தேன், டேட்டு பாக்காம. பிரிச்சா ஏழு வாரந்தான் இருந்துச்சு, பாதிய தூக்கிப் போட்டேன். பெட்டிய கடையில எறக்கறதுக்கு முன்னாடி தேதி பாருங்க, ஆறு மாசத்துக்கு கம்மின்னா லோரியிலயே திருப்பி அனுப்பிருங்க, மொகம் கோணுவாங்களேன்னு பாக்காதீங்க.

கிலோ 14 வெள்ளிக்கு வாங்குற மிட்டாய கிலோ கணக்குல விக்காதீங்க, 100 கிராம் 3 வெள்ளின்னு போடுங்க, வாங்கறவங்களுக்கும் நாலு வக கலந்து எடுக்க சொகமா இருக்கும். பள்ளி விட்டு வர்ற புள்ளைங்க கையில ஒரு வெள்ளிதான் இருக்கும், அவங்களுக்கு 50 சென், 1 வெள்ளி பாக்கெட் தனியா, அவங்க கண்ணு மட்டத்துல. தேன் மிட்டாய் மேல வைங்க, அது பெரியவங்க தேடி வந்து வாங்கறது. ஒரு பாட்டி வாராவாரம் வந்து அஞ்சே அஞ்சு தேன் மிட்டாய் வாங்கும், ஒண்ண கடையிலயே வாயில போட்டுகிட்டு கண்ண மூடி நிக்கும், எனக்கு அத பாக்கறதே போதும்.

தராசுக்கு வருஷா வருஷம் முத்திர குத்தணும் மறந்துராதீங்க, விலையும் எழுதி ஒட்டியிருக்கணும்.

கோம்பாக்_அண்ணன்:
லைசன்ஸ் கேட்டீங்களே. மொதல்ல எஸ்எஸ்எம்ல (கம்பெனி பதிவு ஆணையம்) பதிவு, ஐசியில (அடையாள அட்டையில) இருக்கற பேருலயே கடைன்னா வருஷம் 30 வெள்ளி, தனிப் பேரு வச்சா 60. அடுத்து கடைக்கும் சைன்போர்டுக்கும் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) லைசன்ஸ், சைன்போர்டுல பஹாசா (மலாய் மொழி) கண்டிப்பா இருக்கணும், போர்டு அடிக்கறதுக்கு முன்னாடி டிசைன கேட்டுக்குங்க. சாப்பாட்டுப் பொருள் கையாளறவங்க எல்லாரும் உணவு கையாளும் பயிற்சி எடுக்கணும், ஒரு நாள்லயே முடிஞ்சிரும், டைஃபாய்டு ஊசியும் போடணும், அது மூணு வருஷத்துக்கு ஒருக்கா. கடைய சுகாதார அமைச்சோட ஃபோசிம்ங்கற ஆன்லைன் பதிவுல பதியணும். நீங்களே செய்ற சாக்லேட்ட பாக்கெட் போட்டா லேபிள் பஹாசா மலேசியாவுல இருக்கணும், பேரு, சேர்மானம், எட, தயாரிச்சவர் முகவரி, தேதி. பால், கச்சான், சோயா இருந்தா அதயும் போடணும். ஹலால் சின்னத்த ஜாக்கிம் (இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) சான்றிதழ் இல்லாம நீங்களா ஒட்டிராதீங்க, பெரிய குத்தம் அது.

பட்டர்வொர்த்_அம்மா:
எல்லாரும் சொல்லிட்டீங்க, ஒண்ணு விட்டுட்டீங்க. ஜெலட்டின். கம்மி (ஜெல்லி மாதிரி இழுக்கற) மிட்டாய், மார்ஷ்மெல்லோ இதுலயெல்லாம் நெறைய மாட்டு ஜெலட்டின் இருக்கும், ஹலால்னு போட்டிருந்தாலும் அது மாடா இருக்கலாம். நம்ம ஆளுங்க நெறைய பேரு மாடு சாப்பிடறதில்ல, புள்ளைங்களுக்கு தெரியாம வாங்கிக் குடுத்துட்டு அப்புறம் பாக்கெட்ட பாத்து மனசு ஒடிஞ்சு போறாங்க. நீங்க கோயிலுக்கு பக்கத்துல கடை போடறீங்க மகளே, தைப்பூசம் புரட்டாசிக்கு விரதம் இருக்கறவங்க வருவாங்க. பாக்கெட் பின்னாடி எழுதியிருக்கறத ஒண்ணு விடாம படிங்க, ஜெலட்டின் இல்லாதத தனி ரேக்குல வச்சு சைவம்னு பெருசா எழுதி வைங்க. அந்த ஒரு ரேக்க நம்பியே உங்க கடைக்கு ஆள் வரும்.

செந்தூல்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சிட்டு கண்ணு கலங்கிருச்சு. அம்மா, சைவ ரேக்கு கண்டிப்பா வைப்பேன், வாசல்ல நுழைஞ்சதும் தெரியுற மாதிரி. செராஸ் சிஸ், ஒரு சந்தேகம், சாக்லேட் வெல ரொம்ப ஏறிருச்சேன்னு பாதி காம்பவுண்ட் சாக்லேட் கலந்துக்கலாமா?

செராஸ்_சாக்லேட்:
கலக்கவே கூடாது சிஸ். காம்பவுண்ட்ல கோக்கோ பட்டருக்கு பதிலா பாம் கெர்னல் எண்ண மாதிரி வேற கொழுப்பு, ரெண்டும் சேந்தா இறுகாது, கொழகொழன்னு நின்னு சீக்கிரமே வெள்ள பூக்கும். ஒண்ணு முழுக்க காம்பவுண்ட், இல்ல முழுக்க அசல். புள்ளைங்களுக்கு விக்கிற 1 வெள்ளி சாக்லேட்ட காம்பவுண்ட்ல செய்யுங்க, டெம்பர் வேல இல்ல, வெயிலையும் கொஞ்சம் தாங்கும், ஆனா லேபிள்ல காம்பவுண்ட்னு எழுதிருங்க. கிஃப்ட் பெட்டிக்கு மட்டும் அசல். வெல ஏறுனது நமக்கு மட்டும் இல்ல, ஐவரி கோஸ்ட்லயும் கானாவுலயும் வெளச்சல் கெட்டு 2024ல கோக்கோ டன்னு 10,000 அமெரிக்க டாலருக்கு மேல போச்சு, அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா 2,000, 3,000ல கெடந்தது. அதனால வெலய ஒரு வருஷத்துக்கு அச்சடிச்சு வைக்காதீங்க. லெம்பாகா கோக்கோ மலேசியான்னு கோக்கோ வாரியம் இருக்கு, அவங்க சாக்லேட் செய்யுற பயிற்சி நடத்துறாங்க, நீலாய்ல அவங்க மையம் இருக்கு, உங்களுக்கு பக்கம்தான், கேட்டுப் பாருங்க.

செந்தூல்காரி:
சரி சிஸ், நாளைக்கே ஃபோன் பண்றேன். கதவுக்கு வெயில் தடுக்கற ஃபிலிம் ஒட்ட வியாழக்கெழம ஆள் வருது. தெர்மாமீட்டர் வாங்கியாச்சு, இப்ப மத்தியானம் 3 மணி, காலி கடையில வச்சு பாத்தேன், 34 காட்டுது.

லிட்டில்_இந்தியா_பினாங்கு:
கதவு தொறந்தா மூடியா? ஷட்டர எறக்கிட்டு ராத்திரி 10 மணிக்கு ஒருக்கா பாருங்க தங்கச்சி, மூடுன கடைதான் ரொம்ப சூடு புடிக்கும். அந்த நம்பர இங்க போடுங்க, சில்லர் எந்த செவுத்துல வைக்கிறதுன்னு அப்புறம் சொல்றேன்.