கடற்கரைப் பள்ளியில் பூச்சி மன்றம்: எங்கிருந்து தொடங்கலாம்?

மண்டபம் டீச்சர்:
மண்டபம் பக்கம் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளை வைத்துப் பூச்சி மன்றம் ஆரம்பிக்க ஆசை. பெற்றோர் கூட்டத்தில் சொன்னதும் ஒரு அம்மா, "பூச்சியப் பாத்து என்ன டீச்சர் ஆகப்போகுது, மருந்தடிச்சாப் போச்சு" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பாதிப் பேர் மீன்பிடிக் குடும்பம், மீதி தென்னை வைத்திருப்பவர்கள். வண்ணத்துப்பூச்சிப் படம் காட்டினால் பிள்ளைகள் வருவார்கள், பெரியவர்கள் வரமாட்டார்கள். எனக்கு இது பஞ்சாயத்து வரைக்கும் போக வேண்டும். வழி சொல்லுங்கள்.

உச்சிப்புளி தோப்புக்காரன்:
தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டில் தொடங்குங்கள் டீச்சர். குருத்தோலை கத்தரித்த மாதிரி முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தால் அது வண்டு வேலை என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அது வளர்வது எருக்குழியில் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. உச்சியில் மருந்து வைப்பார்கள், மக்கிய குப்பை மரத்தடியிலேயே கிடக்கும். பிள்ளைகளை விட்டு ஒரு குழியைக் கிளறச் சொல்லுங்கள். கட்டைவிரல் பருமன் வெள்ளைப் புழுவைப் பிள்ளை எடுத்துக் காட்டினால் அப்பன் சிரிக்க மாட்டான். அந்தப் புழுவைக் கொல்ல மெட்டாரைசியம் என்ற பூஞ்சை இருக்கிறது, குழியிலேயே கலந்துவிடலாம்.

அப்புறம் தென்னையோலைச் சாற்றை உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தெரிந்தது, இன்று எங்கும் இருக்கிறது. அதன் குஞ்சுகளை அழிக்க என்கார்சியா என்ற பொடிக் குளவி தானாகவே வரும். மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். ஈயின் கழிவால் ஓலையில் படியும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சித் தெளித்தால் காய்ந்து பொருக்காக உதிரும். "மருந்தடிச்சாப் போச்சு" என்ற அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கோவை பூச்சியியல் மாணவன்:
மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஹாலோபேட்டிஸைக் காட்டுங்கள். கடல்நீர் மேல் ஓடும் பூச்சி. இதில் ஐந்தே இனங்கள் நடுக்கடலில் வாழ்கின்றன. வேறு எந்தப் பூச்சியும் அங்கே குடியிருப்பதில்லை. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தட்டான்களையும் கவனியுங்கள். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று உயிரியலாளர் சார்ல்ஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார். படகில் போகிறவர்கள் பார்த்த தேதியையும் காற்றுத் திசையையும் பிள்ளைகள் கேட்டு எழுதினாலே ஆராய்ச்சிக்கு உதவும். பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படத்தோடு ஏற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வண்ணத்துப்பூச்சியைப் பிடித்து ஊசி குத்த வேண்டாம். சில இனங்கள் 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு வனத்துறை அனுமதியில்லாமல் போகவே கூடாது. செத்த பூச்சிகளை வரிசையாகப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்குக் கூட்டி வாருங்கள்.

வார்டு மெம்பர்:
கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை. 'பூச்சிகளைக் காப்போம்' என்று மனு கொடுத்தால் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவோம், எங்களைத் தெரியும். "பொது இடத்து எருக்குழிகளுக்குப் பூஞ்சை வாங்கிப் போட வேண்டும்" என்று ஒரே ஒரு வரி கேளுங்கள். பிள்ளைகள் எடுத்த புழுக் கணக்கைக் கூடவே வையுங்கள்.

மண்டபம் டீச்சர்:
நன்றி அண்ணே. வண்டுப் பொறிக்கு ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்துப் பானையில் வைப்பார்களாமே, அதைப் பள்ளித் தோட்டத்தில் வைக்கலாமா?

உச்சிப்புளி தோப்புக்காரன்:
வையுங்கள். ஆனால் சத்துணவுக் கூடத்துக்குக் காற்று வராத பக்கமாக. அந்த நாற்றத்துக்கு வண்டு மட்டும்தான் வரும்.