திருநகர் வீடு (குடும்பக் குழு): 65 இஞ்ச் டிவி

சித்தப்பா: ஹாலுக்கு 65 இஞ்ச் டிவி பார்த்துவிட்டு வந்தேன். டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர் ஓஎல்இடிதான் வாங்கச் சொல்கிறார். க்யூஎல்இடியும் அதுவும் ஒன்றுதானே?

நான்: இல்லை சித்தப்பா. க்யூஎல்இடி எல்சிடி வகைதான். பின்னால் எல்இடி விளக்கு எரியும், நிறம் கூட்ட குவாண்டம் டாட் படலம் ஒன்று இருக்கும். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு வரும் இடத்தில் அணைந்துவிடும்.

தம்பி: ராத்திரி படம் பார்க்க அதை அடிக்க ஆளில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் நிறம் வெளுக்காது. அதையே வாங்குங்கள் சித்தப்பா.

நான்: படத்துக்கு அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே மேற்கு ஜன்னல், சாயங்காலம் வெயில் ஹாலுக்குள் வரும். அதைவிடப் பெரிய யோசனை தாத்தா. காலையில் போடும் செய்திச் சேனலைப் படுக்கும்போதுதான் அணைப்பார். லோகோவும் கீழே இருக்கும் பட்டையும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் ஓஎல்இடியில் அந்தப் புள்ளிகள் சீக்கிரம் தேயும். அப்புறம் எதைப் போட்டாலும் அந்தத் தடம் தெரியும். லோகோவை மங்கலாக்கும் வசதியெல்லாம் இப்போது வருகிறது. இருந்தாலும் நம் வீட்டுக்கு நான் துணிய மாட்டேன்.

அத்தை: சித்திரைத் திருவிழாவுக்கு எதிர்சேவை, அழகர் இறங்குவது என்று நாள் முழுக்க ஓடுமே?

நான்: நாலைந்து நாளில் ஒன்றும் ஆகாது அத்தை. தினமும் ஒரே சேனல் என்றால்தான் பயம்.

சித்தப்பா: அப்போ எதைத்தான் வாங்க?

நான்: மினி எல்இடி. அதுவும் எல்சிடிதான், ஆனால் பின்னால் பொடிப்பொடியாக நிறைய விளக்குகள், பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும். பகலிலும் பளிச்சென்று தெரியும். இருட்டுக் காட்சியில் வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் ஒளி கசியும், அவ்வளவுதான். எத்தனை பகுதி என்று கேளுங்கள், கூடுதலாக இருந்தால் நல்லது. ஓரத்தில் நின்றும் பாருங்கள். கடையில் ஓடும் டெமோ வீடியோவை நம்பாதீர்கள், செட்டாப் பாக்ஸில் சாதா சேனலைப் போடச் சொல்லுங்கள். அவ்வளவு பெரிய திரையில் அது கலங்கலாகத்தான் தெரியும், எச்டி பேக்கும் போட வேண்டிவரும்.

சித்தப்பா: வரி குறைந்துவிட்டதாமே?

நான்: ஆமாம், 32 இஞ்சுக்கு மேல் 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது.

சித்தி: ஷோகேஸில் அடங்குமா?

நான்: அகலமே கிட்டத்தட்ட நாலே முக்கால் அடி சித்தி.

சித்தி: நடுத்தட்டு நாலடிதான்.

சித்தப்பா: சரி, சுவரில் மாட்டிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிப் போய்ப் பார்க்கிறேன்.