ரோல்பேக் செய்தாலும் ஆப் எழவில்லை, ஏன்?

கேள்வி: புது ரிலீஸில் பிழை. ரோல்பேக் செய்து பழைய இமேஜுக்கு (ஆப்பின் கட்டிவைத்த பொதி) திரும்பினால் அதுவும் விழுகிறது. டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றியிருந்தோம்.

பதில் 1: அதுதான் வினை. பழைய கோடு (நிரல்) பழைய பெயரைத்தானே தேடும்! முதல் ரிலீஸில் புது நெடுவரிசையைச் சேர்த்து, இரண்டிலும் எழுதுங்கள். புது நெடுவரிசைக்கு நாட் நல் (காலியாக விடக்கூடாது என்ற விதி) போடாதீர்கள். பழைய கோடின் இன்ஸர்ட் (புது வரி சேர்ப்பது) தோற்கும். பழைய தரவை ஒரு தடவைக்கு 1,000 வரிகள் என்று புது நெடுவரிசைக்கு நகலெடுங்கள். ஒரே அப்டேட் என்றால் லாக் (வரிகள் மீதான பூட்டு) நீண்டு, டேட்டாபேஸில் எழுதும் மற்ற வேலைகள் காத்துக்கிடக்கும். அடுத்த ரிலீஸில் வாசிப்பைப் புது நெடுவரிசைக்கு மாற்றுங்கள். பழையதில் எழுதுவதை நிறுத்தி ஒரு ரிலீஸ் கடந்தபின் நீக்கலாம்.

பதில் 2: சரி, ஆனால் எல்லா பாட்களும் (ஆப்பின் ஓடும் பிரதிகள்) முதல் ரிலீஸுக்கு மாறியபிறகே நகலெடுக்கத் தொடங்குங்கள். ரோலிங் அப்டேட் (பாட்களைச் சிறிது சிறிதாக மாற்றுவது) நடுவே பழைய பாட் எழுதும் வரியில் புது நெடுவரிசை காலியாக நிற்கும்.

பதில் 3: இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ டேக் (பெயர்ச்சீட்டு) வேண்டாம், கமிட் ஹாஷ் (கோடின் அந்தப் பதிப்புக்கான அடையாள எண்) வையுங்கள். எதற்குத் திரும்புகிறோம் என்றாவது தெரியும்.